கண் பட்டதா, ஈரம் பட்டதா?

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. பாச்சாங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பக்கம் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. மறுபக்கம் ஓவனில் ரொட்டிப் புட்டிங். நாற்பது நிமிடம் ஆனதும் கண்ணாடி டிரேயை இரண்டு கைத்துணிகளால் பிடித்து வெளியே எடுத்தேன். அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த கருங்கல் மேடையில் வைத்தேன். திரும்பி நான்கு அடி நடந்திருப்பேன். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். டிரே இருந்த இடத்தில் புட்டிங் மட்டும் குவிந்து கிடந்தது. கண்ணாடித் துண்டுகள் முறுக்குத் தட்டு வரைக்கும், அடுப்புக்குக் கீழே வரைக்கும், என் அக்கா மகளின் காலடி வரைக்கும் சிதறியிருந்தன.

அவள் படிவம் இரண்டில் படிக்கிறாள். வெறுங்காலோடு நின்றிருந்தாள். ஒரு துண்டு கணுக்காலில் கீறி இரத்தம் வந்தது. கீறல் பெரிதில்லை. அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. “காலையில நீதானே அந்த டிரேயைக் கழுவின? எங்கயாவது இடிச்சியா?” என்று அக்கா கேட்டார். “இல்லம்மா” என்றாள். “இடிக்காம எப்படி உடையும்?” என்று மறுபடி கேட்டார். அம்மா குறுக்கே வந்து, “பிள்ளையைத் திட்டாதே, நல்ல நாள் அதுவுமா கண் பட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு மிளகாயும் உப்பும் எடுக்கப் போனார். பிள்ளை அழுதுகொண்டே துடைப்பத்தைத் தேடினாள்.

அந்த வீட்டில் அறிவியல் ஆசிரியை ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் டிரேயை ஈர மேடையில் வைத்தது அவள்தான்.

இந்த வாரம் அதைத்தான் எழுத நினைத்தேன். வீட்டில் ஒரு கண்ணாடி வெடித்தால், “தானாக வெடித்தது” என்று சொல்வோம். இல்லையென்றால் கடைசியாக அதைத் தொட்டவர்மேல் பழி போடுவோம். பெரும்பாலும் அந்த வீட்டிலேயே சிறிய பிள்ளைமேல். இரண்டும் தவறு என்பது என் கருத்து. கண்ணாடிக்குக் கோபமும் கிடையாது, சகுனமும் கிடையாது. அதற்குத் தெரிந்தது விரிவதும் சுருங்குவதும்தான்.

வெப்பத்தால் பொருள்கள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். எவ்வளவு விரியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜன்னலுக்கும் சோடா போத்தலுக்கும் பயன்படும் சாதாரணக் கண்ணாடிக்குச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி என்று பெயர். அது ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 9 பங்கு விரியும். 30 சென்டிமீட்டர் டிரே ஒன்றை 150 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 0.4 மில்லிமீட்டர் நீளும். நான்கு தாள்களை அடுக்கி வைத்த கனம், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு சத்தம் என்று கேட்கத் தோன்றும்.

டிரே முழுவதும் ஒரே சீராக நீண்டால் ஒன்றும் ஆகாது. சிக்கல் எங்கே என்றால், கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அலுமினியம் அதைவிடச் சுமார் 200 மடங்கு வேகமாகக் கடத்தும். சூடான டிரேயின் அடிப்பாகம் ஈரக் கல்லைத் தொட்டதும், தொட்ட இடம் மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். அதற்கு மேலே உள்ள கண்ணாடி இன்னும் சூடாக, விரிந்த நிலையிலேயே இருக்கும், சுருங்க விடாது. ஒரு பக்கம் சுருங்கு என்கிறது, மறுபக்கம் மாட்டேன் என்கிறது. குளிர்ந்த மேற்பரப்பு நாலா பக்கமும் இழுபடுகிறது. அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் கண்ணாடி, இழுவையைத் தாங்காது. அதனால்தான் குளிர்ந்த கண்ணாடியை மெல்லச் சூடாக்குவதைவிட, சூடான கண்ணாடியைச் சட்டென்று குளிர வைப்பது ஆபத்து.

இழுவை வந்தாலும் எங்கே உடைவது என்று கண்ணாடி எப்படி முடிவு செய்கிறது? காப்பித் தூள் பாக்கெட்டின் ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று இருக்குமே, அங்கே பிடித்து இழுத்தால் எளிதாகக் கிழியும். வேறு இடத்தில் பல்லால் கடித்தாலும் கிழியாது. கண்ணாடிக்கும் அதே கதைதான். ஏ.ஏ.கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணக்கோடு விளக்கினார். கண்ணாடியின் அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பைப் பார்த்தால் அது இன்னும் எத்தனையோ மடங்கு வலிமையாக இருந்திருக்க வேண்டும். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நுண்ணிய கீறல்களில் இழுவை குவிவதால்தான் அது எளிதில் உடைகிறது என்றார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் டிரே நினைவுக்கு வருகிறது. ஓரத்தில் தீய்ந்த சர்க்கரையைப் போக்க அதைக் கம்பி நாரால் தேய்ப்போம். அன்று காலை அக்கா மகளும் அப்படித்தான் தேய்த்திருந்தாள். கேக்கை டிரேயிலேயே வைத்துக் கத்தியால் வெட்டுவோம், தட்டுகளுக்கு அடியில் செருகி வைப்போம். பல ஆண்டுகளாக வீட்டில் எல்லோரும் சேர்ந்து அதன்மேல் கீறல் போட்டிருக்கிறோம். நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்று சொல்வதில் அர்த்தமில்லை. கீறல்கள் நேற்றும் இருந்தன. ஈரம்தான் இல்லை.

என் பாட்டிக்கு கிரிஃபித்தைத் தெரியாது. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் வாழ்ந்தவர். அங்கே மின்சாரம் வராத காலத்தில் அரிக்கேன் விளக்குதான். எரியும் விளக்கின் சிம்னியை ஈரக் கையோடு தொடக்கூடாது, சாரல் அடிக்கும் பக்கம் விளக்கை வைக்கக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். கண்ணாடித் தம்ளரில் சுடச்சுடக் காப்பி ஊற்றும் முன் எவர்சில்வர் கரண்டி ஒன்றை உள்ளே போட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். கரண்டி முதல் சூட்டில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். தம்ளரின் உட்புறத்துக்கு அதிர்ச்சி குறையும். சிறு வயதில் அதை ஏதோ சாங்கியம் என்று நினைத்திருந்தேன்.

பாட்டியின் சிம்னிப் பிரச்சினைதான் அமெரிக்க ரயில்வேக்கும் இருந்தது. கைகாட்டி விளக்குகளுக்குள் தீ எரியும், வெளியே மழையோ பனியோ அடிக்கும், கண்ணாடி உடைந்து விளக்கு அணையும். சமிக்ஞை தெரியாத ரயிலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியில் போரான் ஆக்சைடைச் சேர்த்தால் அது வெப்பத்தில் மிகக் குறைவாக விரியும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் கண்டிருந்தார். அதுதான் போரோசிலிக்கேட் கண்ணாடி. நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னிங் என்ற நிறுவனம் அதே வழியில் போய், ரயில் விளக்குக்கும் மின்கலச் சாடிக்கும் ஏற்ற கண்ணாடியைச் செய்தது.

அது சமையலறைக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1913இல் கார்னிங் நிறுவனத்தில் ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் மனைவி பெஸ்ஸியின் பீங்கான் பாத்திரம் அடுப்பில் விரிசல் விட்டுவிட்டது. உங்கள் கூடத்தில்தான் சூடு தாங்கும் கண்ணாடி செய்கிறீர்களே, அதில் ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டிருக்கிறார். கணவர் மின்கலச் சாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பெஸ்ஸி ஒரு கேக் சுட்டார். கேக் நன்றாக வெந்தது, சாடியும் உடையவில்லை. இரண்டு ஆண்டுகளில், 1915இல், பைரெக்ஸ் என்ற பெயரில் கண்ணாடிச் சமையல் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் நேரடித் தீயில் சூடாக்கும் முகவையும் சோதனைக் குழாயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். போரோசிலிக்கேட் ஒரு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் 3.3 பங்குதான் விரியும். மேலே போட்ட கணக்கை மறுபடி போட்டால் 0.4 மில்லிமீட்டருக்குப் பதில் 0.15தான் வரும்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எங்கள் வீட்டுப் புட்டிங் தப்பித்திருக்கலாம். போரோசிலிக்கேட்டை உருக்க அதிகச் சூடு வேண்டும், செலவும் அதிகம். அமெரிக்காவில் சமையல் கண்ணாடிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்கு மாறின. 1998இல் கார்னிங் தன் வீட்டுப் பாத்திரத் தொழிலையே விற்றுவிட்டது. ஒரே பைரெக்ஸ் பெயரில் அமெரிக்காவில் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியும் ஐரோப்பாவில் போரோசிலிக்கேட்டும் விற்கப்படும் நிலை வந்தது. பெயரைப் பார்த்து வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்?

மாறிய கண்ணாடி மோசமானது என்று ஒரே அடியாகச் சொல்வது நியாயமில்லை. அதைப் பதப்படுத்துகிறார்கள். சூடான கண்ணாடியின் மேற்பரப்பைக் காற்றடித்து வேகமாகக் குளிர்விப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு மெல்லச் சுருங்கும்போது வெளித்தோலை உள்நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடியும் இப்படித்தான். கை தவறிக் கீழே விழுந்தால் தாங்கும் வாய்ப்பு இதற்கு அதிகம். வீடுகளில் கண்ணாடி அதிகம் உடைவது கீழே விழுந்துதான் என்பது உற்பத்தியாளர்கள் வாதம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் உள்ளும் புறமும் எப்போதும் கயிறு இழுத்தபடி நிற்கும் கண்ணாடி அது. ஒரு விரிசல் உள்ளே வரை போய்விட்டால் இரு தரப்பும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டுவிடும். சத்தமும் சிதறலும் அதனால்தான்.

அமெரிக்கப் பயனீட்டாளர் இதழான கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் தன் 2011 ஜனவரி இதழில் இதைச் சோதித்து எழுதியது. டிரேகளில் மணலை நிரப்பி ஓவனில் சுமார் 230 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, எடுத்து ஈரமான கருங்கல் மேடையில் வைத்தார்கள். ஆமாம், நான் தீபாவளிக்கு முதல் நாள் செய்த அதே வேலைதான்! அமெரிக்கச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி டிரேகள் உடைந்தன. ஐரோப்பியப் போரோசிலிக்கேட் டிரேகள் அந்தச் சூட்டில் தாக்குப்பிடித்தன. சூட்டை மேலும் கூட்டியபோது அவற்றிலும் பல உடைந்தன. வீட்டில் நடப்பதைவிடக் கடுமையான சோதனை இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணல் உணவைவிட அதிகம் சூடேறும்.

மறு ஆண்டு, 2012இல், அலபாமா பல்கலைக்கழகத்தின் பிராட், மார்ட்டென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கச் செராமிக் சங்கத்தின் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சட்டென்று ஏற்படும் வெப்பநிலை வேறுபாட்டில் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி சுமார் 55 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். போரோசிலிக்கேட் சுமார் 183 டிகிரி வரை தாங்கும் என்றார்கள். இப்போது நம் வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள். ஓவன் 180 டிகிரி. மலாக்கா வெயிலில் ஈரக் கல் மேடை 30 டிகிரி. வேறுபாடு 150. இந்த 150 சரியாக 55க்கும் 183க்கும் நடுவில் விழுகிறது. ஒரு கண்ணாடி பிழைத்துக்கொள்ளும், ஒன்று உடையும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

என் குறை இங்கேதான். படிவம் நான்கு வேதியியல் நூலில் கண்ணாடி வகைகள் ஒரு பாடமாகவே இருக்கின்றன. சிலிக்கா, சோடா-சுண்ணாம்பு, போரோசிலிக்கேட், ஈயக் கண்ணாடி என்று மாணவர்கள் அட்டவணை போட்டு மனனம் செய்கிறார்கள். போரோசிலிக்கேட்டின் பயன் என்ன என்று கேட்டால், ஆய்வுக்கூடக் கருவிகள், சமையல் பாத்திரங்கள் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே மாணவர் கடைக்குப் போய்ச் சமையல் பாத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால், அது எந்தக் கண்ணாடி என்று பெட்டியில் எழுதியிருக்காது. எங்கள் உடைந்த டிரேயின் பெட்டியில் ஓவனில் வைக்கலாம் என்ற படம் மட்டும் இருந்தது. மின்சாரப் பொருள் வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கப் பழகியிருக்கிறோம். கண்ணாடிப் பாத்திரத்திலும் இரண்டே விவரங்கள் அச்சாகியிருக்க வேண்டும் என்கிறேன்: என்ன வகைக் கண்ணாடி, எத்தனை டிகிரி வேறுபாட்டைத் தாங்கும். அதற்கு ஒரு வரி போதும். ‘ஓவனில் வைக்கலாம்’ என்பது பாதி உண்மை. ஓவனில் வைத்ததால் எங்கள் டிரே உடையவில்லையே. வெளியே எடுத்ததால்தானே உடைந்தது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் முதல் பாடமே விதிமுறைகள்தான். காலணி இல்லாமல் உள்ளே விடமாட்டோம். சூடான குழாயைத் தண்ணீரில் காட்டினால் உடனே திட்டு விழும். நேரே வீட்டுக்குப் போனால், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சமையலறைக்குள் நுழைகிறோம். அங்கே பன்சன் விளக்கைவிடப் பெரிய தீ, கொதிக்கும் எண்ணெய், கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. விதிமுறை மட்டும் சுவரில் ஒட்டியிருக்காது. வீட்டுக்குள் செருப்புப் போடுவது நம் பழக்கம் இல்லை, தெரியும். சமையலறைக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது இருக்கிறது. முதல் வாரம் அம்மா முணுமுணுத்தார், பிறகு அவரும் போட்டுக்கொண்டார்.

மற்றவை உங்களுக்கே புரிந்திருக்கும். சூடான கண்ணாடியை உலர்ந்த துணியின் மேலோ மரப்பலகையின் மேலோ வைக்க வேண்டும். பிடிக்கும் துணியும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணியால் பிடித்தால் கையும் சுடும், கண்ணாடிக்கும் கேடு. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததை நேரே ஓவனுக்குள் தள்ளக்கூடாது. ஓவன் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு வைப்பது நல்லது, ஏனென்றால் சூடேறும் நேரத்தில்தான் கம்பிகள் செக்கச்செவேல் என்று எரிந்து கண்ணாடியின் ஒரு பக்கத்தை மட்டும் தாக்கும். இறைச்சி வேகும்போது அடிப்பிடிக்கிறது என்று பாதியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது எல்லாவற்றையும்விட மோசம். கண்ணாடி டிரேயைக் கேஸ் அடுப்பின்மேல் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தடித்த கண்ணாடி பலமானது என்று நினைப்பவர்கள் அவர்கள். தடிப்பு கூடக் கூட உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வேறுபாடும் கூடும். முகவை ஏன் அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஓவனுக்குள்ளேயே வெடித்துவிட்டால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு முழுவதும் ஆறும்வரை விடுங்கள். உணவை எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாலும் கொட்டிவிடுங்கள். மேலாக இருந்த புட்டிங் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று எங்கள் வீட்டிலும் ஒருவர் கரண்டியோடு வந்தார். யார் என்று சொல்ல மாட்டேன், பாவம், அவரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்.

அம்மாவின் நம்பிக்கையைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அன்று பிள்ளையைத் திட்டிலிருந்து காப்பாற்றியது அவர் சொன்ன கண் திருஷ்டிதான், நான் இல்லை. ஆனால் கண் பட்டது என்று சொல்லிவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் மேடை ஈரமாகத்தான் இருக்கும்.

அக்கா மகளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. காகிதத்தில் 180 கழித்தல் 30 என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே, சித்தி?” என்றாள். சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அந்த வார இறுதியில் புது டிரே வாங்க அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரரிடம், “அண்ணே, இது எந்தக் கண்ணாடி?” என்று அவளே கேட்டாள். அவர் பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “நல்ல கண்ணாடிம்மா” என்றார். வேறொரு பெட்டியையும் எடுத்துப் பார்த்தார், அதிலும் எழுதியிருக்கவில்லை. அலுமினியத் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.